டிஸ்க்கின் நாடி பார்த்த நான்கு நாட்கள்

எனக்குப் பயம் வந்தால் கை முதலில் ஓடிவிடும், மூளை பின்னால் செருப்பைத் தேடிக்கொண்டு வரும். இது என் மனைவி கல்யாணமான புதிதில் சொன்னது. இன்றுவரை அதில் ஒரு திருத்தமும் செய்யவில்லை.

ஆரணியில் பட்டுப் புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது என் வேலை. கரைக்கு என்ன, உடலுக்கு என்ன, முந்திக்கு என்ன என்று கட்டம் கட்டமாக நிறம் வைத்து, பென் டிரைவில் ஏற்றிக் கொடுப்பேன். தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டி அதைப் படித்து, தூக்க வேண்டிய இழையைத் தூக்கும். வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர், எனக்கு ஒரு நாற்காலி, வருகிறவர்கள் உட்கார ஒரு ஸ்டூல். கம்பெனி மொத்தமும் அவ்வளவுதான். முதலாளி, மேனேஜர், பெருக்குகிறவர் எல்லாம் நானே. பெருக்குவதில் மட்டும் கொஞ்சம் புகார் உண்டு.

அந்த ஆடி மாதம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது பெரும்பாலும் ஒரே ஆள். அடுத்த தெருவில் கைத்தறி நெய்கிற அம்மா. என்னைவிட இரண்டு வயது சின்னவர், என்னை அண்ணா என்பார். ஆவணியில் அவர் மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவையைத் தானே நெய்துகொண்டிருந்தார். உடலும் கரையும் வழக்கமானவை, அவற்றை ஏற்கெனவே கொடுத்துவிட்டேன், தறியும் ஓடிக்கொண்டிருந்தது. முந்திக்கு என்ன போடலாம், அன்னமா, யானையா, மாங்காயா என்று கேட்டேன்.

"கோழி" என்றார்.

நான் சிரித்தேன். பட்டில் கோழி போட்டால் பந்தியில் மசாலா எங்கே என்று கேட்பார்களே என்றேன். அவர் சிரிக்கவில்லை. மகள் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். சாயங்காலம் வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் மொட்டை மாடிக்கு ஓடுவாள். அங்கே ஒரு கோழியும் ஏழு குஞ்சும் அவளுக்காகக் காத்திருக்கும். போகப்போகிற வீடு வேலூரில், அடுக்குமாடியில் மூன்றாவது தளம்.

"அங்க கோழி வளக்க முடியாதாம்ணா. அதான், இங்கேருந்து கட்டிகினு போவட்டும்" என்றார்.

அதற்கப்புறம் நான் மசாலாவைப் பற்றிப் பேசவில்லை.

கோழியை வரைய ஒன்றரை வாரம் ஆனது. கொண்டை கொஞ்சம் சாய்ந்திருக்க வேண்டும், வால் அவ்வளவு பெருமையாக நிற்கக் கூடாது என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் திருத்தம் சொன்னார். என் கோழிகளெல்லாம் முதலில் ஏதோ கட்சிச் சின்னம் போல வந்தன. ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு உட்கார்ந்து, ஒரு மணிக்குள் ஏழு குஞ்சுகளையும் வைத்து முடித்தோம். ஏழும் ஏழு தினுசு. ஒன்று அம்மா முதுகில் ஏறி நிற்கும். ஒன்றுக்குக் கால் லேசாக நொண்டும். மாடியில் எப்படியோ முந்தியிலும் அப்படியே. வெள்ளிக்கிழமை மத்தியானம் உடல் நெய்து முடியும், அன்றைக்கு முந்தி கையில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு இல்லையென்றால் தறி காத்திருக்காது. தறியில் கட்டிய அதே பாவு நூலில் அடுத்த முகூர்த்தப் புடவை வரிசையில் நிற்கிறது. பழைய அன்ன முந்தியையே ஏற்றி முடித்துவிட வேண்டியதுதான்.

நான் கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். என் கெட்ட நேரம், பெரணமல்லூரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அங்கே முகம் வாடி உட்கார்ந்திருந்தார். அவர் கம்ப்யூட்டரில் இருந்த எஸ்எஸ்டி டிஸ்க் ராத்திரி நன்றாக இருந்ததாம், காலையில் பேச்சு மூச்சு இல்லையாம். பழைய டிஸ்க் என்றால் சாவதற்கு முன் கடக் கடக்கென்று சத்தம் போட்டுச் சொந்தபந்தங்களை வரவழைக்கும். இது சுற்றுகிற சாமான் எதுவும் இல்லாதது, சத்தமே இல்லாமல் போய்விட்டது என்றார். என் கம்ப்யூட்டரிலும் அதே வகை டிஸ்க்தான். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

சென்னையில் ஒரு கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் மச்சான் ஒருவன் எனக்கு உண்டு. மனைவியின் தம்பி. போன் போட்டேன். டிஸ்க்கின் உடம்பைச் சோதிக்கிற கருவியைப் போன முறை வந்தபோதே அவன் ஏற்றி வைத்திருந்தானாம். கருப்பு விண்டோவைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். ஸ்மார்ட்-சிடிஎல், ஓர் இடைவெளி, ஒரு சின்னக் கோடு, ஏ, இன்னோர் இடைவெளி, டிஸ்க்கின் பெயர். இடைவெளி விடச் சொன்ன இடத்தில் நான் மூச்சு விட்டேன். மூன்றாவது முயற்சியில் திரை நிறைய வரிகள் கொட்டின.

முதலில் 'பாஸ்டு' என்று வந்தது. வீட்டில் பத்தாவது பாஸான பிள்ளை இருப்பதுபோல ஒரு சந்தோஷம். அது அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. கீழே ஒரு வரியில் 'த்ரெஷோல்டு 10' என்று இருந்தது, அதற்கடுத்த வரியில் 'பர்சன்டேஜ் யூஸ்டு 4'. பத்து வேண்டிய இடத்தில் நாலு இருந்தால் என்ன அர்த்தம்? டிஸ்க் பெயில், இனிமேல் டுடோரியல்தான் என்று மச்சானிடம் சொன்னேன். அவன் பொறுமையாகச் சொன்னான். நாலு என்றால் ஆயுளில் நாலு சதவீதம் தீர்ந்திருக்கிறது, மீதி அப்படியே இருக்கிறது. அந்தப் பத்து வேறொரு கணக்கு, இதோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது.

அப்புறம் கடைசி வரிகளைப் படித்தேன். மீடியா எர்ரர், சைபர். அன்சேஃப் ஷட்டவுன், 61. அது சொல்லாமல் கொள்ளாமல் கரண்ட் போன கணக்காம். எர்ரர் லாக், 1,204.

ஆயிரத்து இருநூற்று நாலு தப்பு. என் மொத்தக் கல்யாண வாழ்க்கையில்கூட அவ்வளவு இருக்காது என்று நினைக்கிறேன், மனைவி வேறு எண்ணிக்கை வைத்திருக்கலாம்.

"மீடியா எர்ரர் சைபர்தானே மாமா, அப்ப விடுங்க. மாசத்துக்கு ஒரு தடவ பாத்தா போதும். நான் மீட்டிங்ல கீறேன். வியாழக்கிழம வரேன்ல, வந்து பாக்கறேன்" என்று அவன் வைத்துவிட்டான். ஆடி வெள்ளிக்குப் படவேடு கோயிலுக்குப் போக, குடும்பத்தோடு முதல்நாளே எங்கள் வீட்டுக்கு வருவது அவர்கள் வழக்கம்.

மாதத்துக்கு ஒருமுறை என்றான். நான் போனை வைத்த கையோடு இன்னொருமுறை பார்த்தேன். 1,205.

என்ன நடந்தது என்று நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். நான் தறி வீட்டில் பிறந்து வளர்ந்தவன். நெய்யும்போது ஓர் இழை அறுந்தால் அந்த நொடியே தறியை நிறுத்த வேண்டும், அறுந்த இழையோடு ஓட்டினால் அது பக்கத்து இழைகளையும் சுற்றி இழுத்துக்கொண்டு போகும். இது எங்கள் கைகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். எண் ஒன்று ஏறியதைக் கண் பார்த்தது. ஒரு தப்பு கூடிவிட்டது, இழை அறுந்துவிட்டது. மூளை செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே கை போய் யுபிஎஸ்ஸின் பொத்தானை அமுக்கிவிட்டது. திரை இருண்டது. மேலும் நஷ்டம் ஆகாமல் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

முந்தியை உடனே பென் டிரைவில் நகல் எடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லோரும் கேட்டுவிட்டார்கள். எனக்குத் தெரிந்த நியாயம் வேறு. பாவு இற்றுப்போய் இருக்கிறதென்று தெரிந்தால் அதன்மேல் இழுவை கொடுக்க மாட்டோம், மெதுவாக விட்டுப் பிடிப்போம். உடம்பு சரியில்லாத டிஸ்க்கிடம் போய் இவ்வளவு பெரிய கோழியைத் தூக்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மச்சான் வரும்வரை அதற்கு முழு ஓய்வு என்று தீர்மானித்தேன். டிசைன் வேலை கிடையாது, கோப்புகளைத் திறப்பது கிடையாது. உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் அவ்வப்போது பார்ப்பது.

அந்த அவ்வப்போதுதான் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. ஆன் செய்வேன், கட்டளையை அடிப்பேன், எண் ஏறியிருக்கும், கை பொத்தானுக்குப் போய்விடும். பயம் கொஞ்சம் தணிந்ததும் மறுபடி ஆன் செய்வேன். செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் அந்த நீளக் கட்டளையைக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கும் அளவுக்குத் தேறிவிட்டேன். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நேரமும் எண்ணும் எழுதிவைத்தேன். ஏறியதே தவிர ஒருமுறைகூட இறங்கவில்லை. ஃபேனைக் கொண்டுவந்து கம்ப்யூட்டருக்கு நேராக வைத்தேன். சமையலறையில் வேர்த்துக்கொண்டிருந்த மனைவி வந்து ஃபேனையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரியில படுத்துகினு கீறவன அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ எழுப்பி, நல்லா தூங்கறியான்னு கேக்கறீங்க. அவன் செத்துப்போனா நீங்கதான் காரணம்" என்று சொல்லிவிட்டு ஃபேனை எடுத்துக்கொண்டு போனாள்.

புதன்கிழமை அந்த அம்மா வந்தார். நான் இருண்ட திரைக்கு முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தேன். முந்தி தயாரா என்று கேட்டார். தயார்தான், சின்னச் சின்ன மெருகு பாக்கி என்றேன். பொய் சொல்லும்போது எனக்கு இடது காது சிவக்கும், அதனால் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். உடல் வேகமாக வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார். மகளுக்குக் கோழி விஷயம் இன்னும் தெரியாதாம், தறியில் ஏறினாலும் துணி போட்டு மூடிவிடப் போகிறாராம். போகும்போது வாசலில் நின்று, உடம்பு சரியில்லையா அண்ணா, முகம் வெளுத்துக் கிடக்கிறதே என்றார். எனக்கில்லை, கம்ப்யூட்டருக்கு என்று சொல்ல வாய் வந்தது. சூடு ஜாஸ்தி என்று சொல்லி அனுப்பினேன்.

வியாழக்கிழமை காலை மச்சான் வந்தான். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே கம்ப்யூட்டரை ஆன் செய்து, எனக்குத் தெரியாத வேறொரு கட்டளையை அடித்தான். மொத்தத்தை மட்டும் காட்டாமல், குறித்துவைத்த தப்புகளை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டுகிற கட்டளை. வரிசையாக வந்தன. அத்தனையும் அச்சு எடுத்தாற்போல ஒரே வரி.

பிறகு ஒரு வேடிக்கை காட்டினான். எண்ணைப் பார்க்கச் சொன்னான். 1,279. என் பழைய கட்டளையை ஒருமுறை அடிக்கச் சொன்னான். 1,280. மறுபடியும். 1,281. நான் பதறிப்போய்ப் பொத்தானுக்குக் கை நீட்டினேன். மணிக்கட்டைப் பிடித்து என் மடியில் வைத்தான்.

அவன் விளக்கியது எனக்குப் புரிந்த வகையில் இதுதான். அந்தக் கட்டளை டிஸ்க்கிடம் பல கேள்விகள் கேட்கிறது. அதில் ஒன்று இந்த வகை டிஸ்க்குக்குத் தெரியாத கேள்வி. தெரியாத கேள்வி வந்தால், இப்படி ஒருவர் வந்து கேட்டார் என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொள்வது அதன் வழக்கம். ஆன் செய்யும்போதெல்லாம் கம்ப்யூட்டரும் அதையே ஒருமுறை கேட்குமாம், பழைய ஆயிரத்துச் சொச்சம் அப்படிச் சேர்ந்ததுதான். ரொம்ப ஒழுக்கமான டிஸ்க். சேமித்துவைத்த எதிலும் அது ஒரு தப்பும் செய்யவில்லை, அதற்கான எண் இன்னும் சைபர்தான்.

"டிஸ்க்குக்கு ஒண்ணும் இல்ல மாமா. நீங்க பாக்கறதுதான் ஏறிகினே வருது" என்றான்.

பிறகு இன்னொரு வரியில் விரலை வைத்தான். திங்கட்கிழமை 61 என்று சொன்ன அன்சேஃப் ஷட்டவுன், இப்போது 98.

"இந்த வாரம் ஆரணில எத்தன தடவ கரண்ட் போச்சு?"

புதன்கிழமை ஒருமுறை போனது, யுபிஎஸ்ஸும் தாங்கவில்லை என்றேன்.

"அப்ப மீதி முப்பத்தாறு?"

சமையலறை வாசலில் நின்றிருந்த என் மனைவி, "மீதி உங்க மாமாதான்" என்றாள். அக்காவும் தம்பியும் சிரித்த சிரிப்பு அடங்க நேரமானது. நானும் சிரித்தேன். இவ்வளவு நல்ல செய்திக்காக இன்னும் நாலு பேரைக் கூப்பிட்டு என்னைக் கேலி செய்யச் சொல்லவும் தயாராக இருந்தேன். கோழி பிழைத்துவிட்டது.

சரி, முதல் வேலையாக அதை நகல் எடுப்போம் என்றான். மூன்று நாளாக நான் திறக்காத கோப்பைத் திறந்தேன். கோழி வந்தது. சாய்ந்த கொண்டை, பெருமையில்லாத வால், எல்லாம் சரி. சுற்றிலும் வெறும் கட்டங்கள். ஒரு குஞ்சுகூட இல்லை.

திங்கட்கிழமை அந்த மூன்று மணி நேர வேலையை நான் சேமிக்கவே இல்லை. டீ குடித்துவிட்டு வந்து செய்யலாம் என்று திறந்தபடி விட்டுப் போனவன், வந்து, நாடி பார்த்து, பொத்தானை அமுக்கிவிட்டேன். டிஸ்க் என்னிடமிருந்து ஒன்றையும் தொலைக்கவில்லை. டிஸ்க்கைக் காப்பாற்றப் போன நான் ஏழு குஞ்சுகளைத் தொலைத்திருந்தேன்.

மச்சான் சிரிப்பை நிறுத்திவிட்டு, தானாகச் சேமித்த நகல் ஏதாவது கிடக்கிறதா என்று அரைமணி நேரம் தேடினான். அந்த வசதியை அணைத்து வைத்திருந்ததும் நான்தான். வேலை நடுவில் கம்ப்யூட்டர் திணறுகிறதென்று எப்போதோ அணைத்தது.

உண்மையைச் சொன்னால், அந்த அம்மாவுக்குத் தெரியாமல் நானே வரைந்துவிடலாம் என்றுதான் முதலில் பார்த்தேன். ஒன்று போட்டேன். சிட்டுக்குருவி வந்தது. இரண்டாவது, கொஞ்சம் கோபமான சிட்டுக்குருவி. நொண்டுகிற குஞ்சுக்கு எந்தக் கால் என்று யோசித்தேன், நினைவில்லை. தப்பான காலை நொண்டவைத்தால் அந்தப் பெண் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவாள். நாள் பூராவும் அடுத்தவர் நரம்பைத் தேடிக் கண்டுபிடிக்கிற பெண். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனேன்.

அவர் தறியில் இருந்தார். ஊடை நூலை இழுத்துக்கொண்டு நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தில் அவருக்குக் கேட்காமல் போனால் நல்லது என்று நினைத்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். தறி நின்றது.

"கோழி கீதாண்ணா?"

கோழி இருக்கிறது, குஞ்சுகள்தான் இல்லை என்றேன்.

"எல்லாமே?"

"எல்லாமேம்மா."

அவர் நெய்திருந்த துணியைத் தடவி, முழம் போட்டுப் பார்த்தார். இன்னும் ஒன்றரை முழம் உடல் பாக்கி. எனக்கு அன்ன முந்தி ஒன்று கண்முன் நீந்திப் போனது. பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"பூனையாண்ட குடுத்துட்டு வந்திருந்தாகூட ரெண்டு மிச்சம் வெச்சிருக்கும்" என்றார். "வாங்க, ஜல்தி போலாம். சாயங்காலத்துக்குள்ள வெச்சிடலாம்."

ஸ்டூலில் உட்கார்ந்ததும் நேராக மச்சானைப் பார்த்து, இந்த டிஸ்க்கை நம்பலாமா தம்பி என்று கேட்டார். டிஸ்க்கை நம்பலாம்க்கா, யுபிஎஸ்ஸைத்தான் மாமாவுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும் என்றான். சொன்னதோடு நிற்காமல், உண்மையிலேயே அதை மேசையின் மறுபக்கம் தள்ளி வைத்தான்.

நொண்டுவது இடது கால். முதுகில் நிற்பது கழுத்துப் பக்கம் பார்க்காமல் வால் பக்கம் பார்த்து நிற்கும். ஒன்று எப்போதும் தனியாகப் போய் எதையோ கொத்திக்கொண்டிருக்கும், அதைக் கொஞ்சம் தள்ளியே வைக்க வேண்டும். அவருக்கு எதையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நான் கட்டம் நிரப்ப நிரப்ப, திரையில் விரல் வைத்துச் சொல்லிக்கொண்டே வந்தார். முதல் குஞ்சு முடிந்ததும் சேமிக்க எந்தப் பொத்தான் என்று கேட்டார். காட்டினேன். என் கையை விலக்கிவிட்டுத் தானே அமுக்கினார். இரண்டாவதற்கும் அமுக்கினார். நான் நல்ல பிள்ளையாகக் கையை மடியில் வைத்துக்கொள்ளப் பழகிவிட்டேன். மச்சான் பிள்ளைகளுக்காக வாங்கிவைத்த முறுக்கை மனைவி எங்களுக்கே கொண்டுவந்து வைத்தாள். ஆறு மணிக்குள் ஏழும் வந்துவிட்டன. மச்சான் மூன்று இடங்களில் நகல் எடுத்தான். ஒரு பென் டிரைவை அவர் வாங்கிப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டார். இன்னொன்றை என் மனைவி வாங்கி அரிசி டப்பா பக்கத்தில் வைத்தாள். மூன்றாவது எங்கே இருக்கிறது என்று எனக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை எல்லோரும் படவேடு கிளம்பிப் போனார்கள். நான் போகவில்லை. பதினொரு மணிக்கே தறி வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். இரண்டு மணி வாக்கில் உடல் முடிந்து முந்தி ஆரம்பித்தது. சிவப்பில் ஜரிகை ஒரு கோடு, இரண்டு கோடு, பிறகு சின்னச் சின்ன விரல்கள். கால்தான் முதலில் வந்தது. போய்ச் சாப்பிடுங்கண்ணா, கோழி எழுந்து நிற்கச் சாயங்காலம் ஆகும் என்றார் அந்த அம்மா. நான் அசையவில்லை.

அப்போது மகள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டாள். மூடப்போவதாகச் சொன்ன துணி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அவள் தறி மேல் குனிந்து பார்த்தாள்.

"இன்னாமா இது, கொக்கா?"

"நீ போய் துன்னு. டைம் ஆவுதுல்ல."

அவள் போகவில்லை. அம்மா நெய்துகொண்டே இருந்தார். விரல்களுக்கு மேலே கால் நீண்டது. அதன் பக்கத்தில் இரண்டு மெல்லிய கால்கள் முளைத்தன, ஒன்று தரையில், ஒன்று தரையைத் தொட்டும் தொடாமலும். தொடாதது இடது கால்.

அந்தப் பெண் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வாய்வரை ஒரு வேடிக்கைப் பேச்சு வந்துவிட்டது. விழுங்கினேன். அவள் கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு, போனை எடுத்து, இன்று மத்தியானம் வர முடியாது என்று வேலை இடத்துக்குச் சொன்னாள். பிறகு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏழுமா?" என்றாள்.

"ஏழும்தான்" என்றார் அம்மா, தறியை நிறுத்தாமல்.